புன்ரேயின் சாவு ஊர்வலம்

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று என் மலர்வளையக் கடைக்கு மூன்று சாவு, ஒரு கடைதிறப்பு. கடை திறந்தவர் பல் மருத்துவர். வாசலில் நான் இறக்கிய மலர்வளையத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இந்தத் துறைமுகத்தில் வளைய ரிப்பனில் இப்படி வாழ்த்து எழுத இன்னொருவன் பிறக்கவில்லை என்றார். வாயால் சொல்லவில்லை. முகத்தில் இருந்தது.

சாயங்காலம் யேரின் வந்தாள். என் தங்கை மீசுக்கின் ஒரே மகள், மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் வருஷம். சரித்திர மன்றத்தில் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டுமாம். நன்றாக அமைந்தால் பள்ளிப் பதிவேட்டில் ஏறும், அதைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகத்தில் எடுப்பார்கள். "மார்க்கெல்லாம் சுமார்தான் மாமா. சரித்திரம் படிக்கணும்னா எனக்கு இது ஒண்ணுதான் வழி" என்றாள்.

அவள் எடுத்திருப்பது மீன்வலைத் தொழிற்சாலை. இப்போது பெரிய அங்காடியின் கார் நிறுத்தம் இருக்கிறதே, அங்கே ஜப்பான்காரன் காலத்தில் இருந்ததாம். வலைக்கு முடிச்சுப் போட்ட பெண்கள் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து வேலைக்கு வராமல் நின்றார்களாம். எனக்கே தெரியாது. தெரியாது என்றால், கேள்விப்பட்டிருப்பேன், ஞாபகம் இல்லை.

அவர்கள் ஆசிரியை, ஆன் என்று பெயர், மகா கண்டிப்பு. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் கூடாது. கேள்வி-பதில் தளம் கூடவே கூடாது. வலைப்பூ கூடாது. எழுதியது யார், எதைப் பார்த்து எழுதினார் என்று தெரியாத எதுவும் ஆதாரம் இல்லையாம். பிள்ளை ஒரு வாரமாகத் தேடியிருக்கிறாள். எந்தத் தளத்தைத் திறந்தாலும் ஒரே பத்தி, ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒட்டியது, எழுத்துப் பிழைகூட மாறாமல். கடைசியில் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் மாட்டியிருக்கிறது. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் வந்த 'தென்கரைச் செய்தி', மூன்று துண்டுச் செய்திகள். அச்சு அசல் படம். இதைவிட நம்பகமான ஆதாரம் உலகத்தில் இல்லை என்று ஆசிரியையே சொல்லிவிட்டாராம்.

ஒரே தொல்லை, அந்தக் காலத்துத் தாள். நம் கொரிய எழுத்தில் இருப்பது சொற்களின் வாலும் ஒட்டும்தான். தலையும் உடம்பும் சீன எழுத்து. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது எறும்பு ஊர்ந்த தடம். கைபேசிச் செயலியைக் காட்டினால், மங்கிய அச்சைப் பார்த்து அது 'வணிகம் வணிகம் மீன்' என்று உளறுகிறதாம்.

"மாமா, உங்களுக்குச் சீன எழுத்து தெரியும்ல?"

தெரியுமா என்றா கேட்கிறாள்! படையல் நாளில் முன்னோர் பெயர்த்தாள் எழுதுவது யார்? கல்யாணம், சாவு, பதவியேற்பு என்று ஊர் முழுக்கத் தொங்குகிற ரிப்பன் யாருடையது? சின்ன வயதில் ஆயிரம் எழுத்து மனப்பாடம் எனக்கு. அதாவது, எங்கள் வாத்தியார் ஆயிரம் வரை கொண்டுபோவதாகத்தான் இருந்தார். நான் நடுவில் பள்ளியை விட்டதில் அவருக்குத்தான் பெரிய வருத்தம்.

"கொண்டா கண்ணு" என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று படித்தேன்.

கல்லாமேசையில் மூன்று தாளையும் பரப்பி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். யேரின் பென்சிலோடு எதிரே. முதல் துண்டு சுலபம். வலை, பெண்கள், வேலை, இல்லை. அதைத் தொடர்ந்த எட்டு வரி எழுத்தில் எனக்கு அறிமுகமானவர்கள் யாரும் இல்லை. பரவாயில்லை, பொருள் கிடைத்துவிட்டது.

இரண்டாவது துண்டில்தான் விஷயமே. நடுவில் ஒரு பெயர். ஏழை வீட்டுப் பெண்ணாக இருக்கும், பெயர் மட்டும் கொரிய எழுத்தில் அச்சாகியிருந்தது: புன்ரே. யேரின் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பத்து நாளாகத் தேடிய கூட்டத்தில் பேர் உள்ள ஒரே ஆள் இவள்தானாம். இவள் யார் என்று தெரிந்தால் போதுமாம்.

புன்ரேக்கு இரண்டு எழுத்து தள்ளி துக்க எழுத்து. அதைச் சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே அடையாளம் காண்பேன், தினம் அச்சடிப்பது அதைத்தானே. அதற்கடுத்து 'மலர்வளையம்'. சந்தேகமே இல்லை, என் கடைப் பலகையில் இருக்கிற அதே எழுத்து. பெண், துக்கம், மலர்வளையம். இதற்குமேல் என்ன வேண்டும்? மீதியை ஊகித்தேன். ஊகம் என்றால் சும்மா ஊகமா? இருபது வருஷம் சாவு வீடுகளுக்குப் போய்வந்தவனின் ஊகம்.

"புன்ரே செத்துப்போயிட்டா கண்ணு" என்றேன்.

பிள்ளையின் பென்சில் நின்றுவிட்டது. எப்படிச் செத்தாள் என்று கேட்டாள். அடிபட்டு என்றேன். அது எந்த வரியில் இருக்கிறது என்றாள்.

"இந்த வரிக்கும் அந்த வரிக்கும் நடுவுல இருக்கும்மா. அந்தக் காலத்துல இதையெல்லாம் நேரா எழுத விடமாட்டான்."

எழுதிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மூன்றாவது துண்டில் வாழ்த்து எழுத்து. சாவுக்குப் பிறகு வாழ்த்து ஏன் வந்தது என்று கொஞ்சம் இடறியது. நினைவு விழா என்று வைத்தேன். பொருந்திவிட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

கும்ஜாவிடம் சொன்னேன். என் மனைவிக்கு நல்ல செய்தி பிடிக்காது. "கல்யாண மண்டபத்துக்குச் சாவு ரிப்பனைக் கட்டி அனுப்பின ஆளு, பழைய பேப்பர் படிக்கிறாராம்" என்கிறாள். அது ஒரே ஒரு தடவை. அதுவும் வண்டி ஓட்டி வந்தவன் தப்பு.

செப்டம்பர் 19, வியாழன். அறுவடைத் திருநாள்

படையல் முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டுக் கூடத்தில். அரிசிக் கொழுக்கட்டை இந்த வருஷம் வெடிக்காமல் வந்தது, மாவு பிசைந்தது நான். (ஒரு கை.)

மீசுக் சொல்லச் சொல்லி, யேரின் எழுந்து நின்று புன்ரே கதையைச் சொன்னாள். நான் படித்துக் காட்டியதுதான், ஆனால் அவள் சொன்னபோது வேறு மாதிரி இருந்தது. பெரியப்பா மகனின் மனைவி சேலைத்தலைப்பு இல்லாத குறைக்கு மேசைத் துணியால் கண்ணைத் துடைத்தாள். பேச்சு நின்று, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளே சூடாக ஏறியது.

"ஊர்வலம் எவ்வளவு பெருசு தெரியுமா" என்று ஆரம்பித்துவிட்டேன். "தலை மீன்சந்தையில, வால் கலங்கரை விளக்கத்துல. வெள்ளைச் செவ்வந்தி கிடைக்காம பக்கத்துத் தீவுலேர்ந்து படகுல வந்துச்சு. கடை அத்தனையும் சாத்திட்டான்."

திரும்பிப் பார்த்தால் யேரின் எழுதிக்கொண்டிருக்கிறாள். இது தாளில் இல்லை கண்ணு, சும்மா ஒரு பேச்சுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மைத்துனர் என் கிண்ணத்தில் அரிசிக் கள்ளை ஊற்றினார். அது நுரைத்து வழிந்தது. துடைத்தார்கள். பேச்சு மாறிப்போனது.

நாளை சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 20

சொல்லவில்லை. விடுமுறைக் கூட்டம்.

செப்டம்பர் 30, திங்கள்

யேரின் ஓடிவந்தாள். ஆசிரியை ஆன் படித்துவிட்டு வகுப்பிலேயே கண் துடைத்தாராம். மாகாண அளவிலான மாணவர் ஆய்வு அரங்குக்கு அனுப்புகிறாராம், அவர்கள் பள்ளியிலிருந்து இது ஒன்றுதான். அக்டோபர் 26 சனிக்கிழமை, மாகாணத் தலைநகரில், மேடையில். தலைப்பு: 'புன்ரேயின் இறுதி ஊர்வலம்'. பதிவேட்டில் ஏறிவிட்டால் சரித்திரத் துறை நிச்சயம் என்று ஆசிரியையே சொன்னாராம்.

"ஒண்ணே ஒண்ணுதான் மாமா. மூணு துண்டையும் எழுத்துக்கு எழுத்து நம்ம எழுத்துல மாத்திப் பின்னிணைப்பா வைக்கணுமாம். உங்களுக்கு அரை மணி நேரம் ஆகுமா?"

"அரை மணி எதுக்கு?" என்றேன்.

எழுத்துக்கு எழுத்து.

அக்டோபர் 2, புதன்

சீன எழுத்து அகராதி வாங்கினேன். தலையணை அளவு. ஒரு எழுத்தைப் பார்க்க, முதலில் அதன் அடிக்கூறு எது என்று தெரிய வேண்டும், பிறகு எத்தனை கோடு என்று எண்ண வேண்டும். அச்சு மங்கல். ஒரு தரம் பதினொன்று, ஒரு தரம் பதின்மூன்று. தாளில் ஒட்டிய ஈக்காலையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது.

ஒரு முழு மத்தியானத்தில் இரண்டு எழுத்து கண்டுபிடித்தேன். ஒன்று 'அது'. இன்னொன்று 'மேலும்'.

அக்டோபர் 7, திங்கள்

இணையத்தில் எல்லாம் கிடைக்கும் என்று சொல்கிற ஆளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

வலைத் தொழிற்சாலையைப் பற்றி யாரோ ஒருவர் முனைவர் பட்டத்துக்கு எழுதியே வைத்திருக்கிறார். தலைப்பு தெரிகிறது, பக்க எண்ணிக்கை தெரிகிறது. உள்ளே நுழைய 'உங்கள் நிறுவனம் எது?' என்று கேட்டது. 'மேங் மலர்வளையம்' என்று போட்டேன். பட்டியலில் இல்லையாம். இருபது வருஷக் கடை.

இன்னொரு தளம் திறந்தது. திறந்ததும் பாதுகாப்பு நிரல் ஒன்றை நிறுவு என்றது. நிறுவினேன். அது தன் அண்ணனைக் கூப்பிட்டது. அண்ணன் விசைப்பலகைக் காவலாளி ஒருவனைக் கூப்பிட்டான். அப்புறம் எல்லாச் சன்னலையும் மூடிவிட்டுத் திரும்பவும் தொடங்கு என்றது. தொடங்கினேன். முதல் நிரலை நிறுவு என்றது. ரிப்பன் இயந்திரத்துக்கு இருக்கிற ஒரே கணினி இது. இப்போது அதுவும் அசையவில்லை. ஒரு பதவியேற்பு ரிப்பனைக் கையால் எழுதிக் கொடுத்தேன், தூரிகையால். பார்த்தவர்கள் எல்லாம் — யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

ஊர் நூலகத்துக்குப் போனேன். அந்தப் பட்ட ஆய்வை நூலகத்தில் அதற்கென்றே ஒதுக்கிய ஒரு கணினியில் மட்டும்தான் பார்க்கலாமாம். படம் எடுக்கக் கூடாது, சேமிக்கக் கூடாது. ஒன்றும் பிரச்சினை இல்லை, ஒருமுறை பார்த்தால் எனக்கு மறக்காது என்று நூலகப் பெண்ணிடம் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அந்தக் கணினியின் மேல் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். பழுது.

எப்போது சரியாகும்? மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வர வேண்டும். ஆள் எப்போது வருவார்? அது அவர்களுக்கும் தெரியாது.

அந்த நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

பின்னிணைப்பு எங்கே என்று யேரின் செய்தி அனுப்பினாள். ரிப்பன் இயந்திரம் பழுது, அது சரியானதும் முதல் வேலை இதுதான் என்று பதில் போட்டேன். பின்னிணைப்பை அரங்குக்கு முந்தின நாள் கொடுத்தால் போதும் என்று ஆசிரியை சலுகை தந்துவிட்டாராம். எல்லாரும் எனக்கு நல்லது செய்துகொண்டே இருக்கிறார்கள்.

அக்டோபர் 17, வியாழன்

வேறு வழி? கேள்வி-பதில் தளத்தில் கைபேசியிலேயே போட்டுவிட்டேன். அந்தக் கூடவே கூடாத தளம்தான். எனக்கு அங்கே பழைய கணக்கு உண்டு: 'மலர்வளைய மன்னன்'. வண்டியில் எழுதியிருக்கிற அதே பெயர். மூன்று படத்தையும் ஏற்றி, 'எனக்கு ஏறக்குறைய எல்லாம் தெரியும், ஒரு சில எழுத்து மட்டும் உறுதிசெய்துகொள்ள' என்று எழுதினேன்.

அக்டோபர் 18

ஒரு பதில். 'தாத்தா, வீட்டுப்பாடத்தை நீங்களே செய்யுங்க.'

அக்டோபர் 19

ஒரு பதில். மூட்டுவலி மருந்து விளம்பரம்.

அக்டோபர் 21, திங்கள்

பதில் வந்துவிட்டது.

'மழைநாள் நத்தை' என்று ஒரு ஆள். ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த ஊர், ஒன்றும் போடவில்லை. மூன்று துண்டையும் எழுத்துக்கு எழுத்து மாற்றி, கீழே சுருக்கமும் எழுதியிருக்கிறார். ஐந்தாறு எழுத்தை வட்டமிட்டு, 'இவை அச்சு போய்விட்டன, என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது' என்று குறிப்பு வேறு. இவ்வளவு தெரிந்த ஆளுக்கு ஏன் இந்தப் பயம் என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சுருக்கத்தைப் படித்தேன்.

தொழிற்சாலை முதலாளியின் அப்பா செத்துப்போனார். துக்க வீட்டில் வைக்கிற மலர்வளையத்துக்கு என்று வலை முடியும் பெண்களின் கூலியில், அவர்களைக் கேட்காமலே, பிடித்துவிட்டார்கள். புன்ரே என்ற பெண் முன்னால் நின்று, பிடித்ததைத் திருப்பிக் கொடு என்று கேட்டாள். கொடுக்காததால் எல்லாரும் வேலைக்கு வரவில்லை. கடைசியில் கம்பெனியின் ஆண்டு விழா அன்று திருப்பிக் கொடுத்தார்கள்.

'தொழிலாளர் யாரும் இறந்ததாக இந்த மூன்றிலும் இல்லை.'

துக்கம் சரி. மலர்வளையம் சரி. வாழ்த்து சரி. நான் கண்டுபிடித்த எழுத்து எல்லாமே சரி.

அக்டோபர் 22, செவ்வாய்

யேரினைக் கைபேசியில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. காலையிலேயே பள்ளியில் கைபேசியை வாங்கிப் பூட்டிவிடுகிறார்களே. செய்தி அனுப்பலாம் என்று எழுதினேன். 'புன்ரே விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம்.' அழித்தேன். 'கண்ணு, மாமா'. அதையும் அழித்தேன்.

மீசுக்கிடம் பேசினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசிப் பழகுகிறதாம் பிள்ளை. "இத்தனை வருஷத்துல அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல அண்ணே. சனிக்கிழமை வரைக்கும் யாரும் அவளைக் குழப்பாதீங்க" என்றாள்.

சரி என்றேன். சரி என்று ஏன் சொன்னேன்?

அக்டோபர் 23, புதன்

ஒரு பை மாண்டரின் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனேன், சாப்பாட்டு இடைவேளையில். யேரின் இரண்டு தோழிகளோடு ஓடிவந்தாள். "இவர்தான் மாமா, ஆயிரம் எழுத்து" என்றாள். அவர்கள் இடுப்பு வரை குனிந்து வணங்கினார்கள். ஒருத்தி சித்திரம் வரைகிறவளாம். அரங்குக்கு அவள் வரைந்த பெரிய படத்தை விரித்துக் காட்டினாள். மீன்சந்தையிலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் தலைகள், தலைகள், எல்லார் கையிலும் வெள்ளைப் பூ. கடற்கரையில் செவ்வந்திப் படகு வேறு.

"செவ்வந்தி சரியா இருக்கா மாமா?"

செவ்வந்தி சரியாகத்தான் இருந்தது. ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 24

சாவு மண்டபத்தில் நாள் முழுக்க வேலை. காரக் குழம்பும் சோறும் கொடுத்தார்கள். இறங்கவில்லை. எப்போதும் இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறவன்.

அக்டோபர் 25, வெள்ளி

பள்ளி விட்டதும் கடைக்கு வந்துவிட்டாள், பின்னிணைப்பு வாங்க. கும்ஜா பூத் தண்டு வெட்டிக்கொண்டிருந்தாள். நத்தையின் பதிலை நூலகத்தில் அச்செடுத்து வைத்திருந்தேன். நீட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நின்றபடியே படித்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். நான் ரிப்பனைச் சுற்றினேன், பிரித்தேன், சுற்றினேன்.

"புன்ரே சாகலையா?"

"சாகலைம்மா."

முதலில் அவள் சிரித்தாள். இது நான் சேர்த்தது இல்லை, கும்ஜாவும் பார்த்தாள். செத்த மனுஷி எழுந்து வந்த மாதிரி, முகம் முழுக்க ஒரு சிரிப்பு. ஒரு மூச்சு நேரம். பிறகு தன் அறிக்கையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"அடிபட்டது?"

"இல்லை."

"ஊர்வலம்?"

"அது நான்..."

"மீன்சந்தை, கலங்கரை விளக்கம்? தீவுலேர்ந்து பூ?"

"அதுவும்தான்."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு கோடு. குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். பக்கங்களைத் திருப்பித் திருப்பிக் கோடு போட்டாள். கடைசியில் கோடு விழாதது தலைப்பில் இருந்த பெயர் மட்டும்.

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே மாமா. நான் வேற யாரையாவது தேடியிருப்பேன்ல."

"அந்த நேரத்துல தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு கண்ணு."

உண்மைதான் அது. என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளில் இதுபோல உதவாதது எதுவும் இல்லை.

நத்தை எழுதியதை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். கும்ஜா ஏதாவது குத்திப் பேசுவாள் என்று காத்திருந்தேன். தண்டு வெட்டிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் என் முன்னால் சோற்றை வைத்தாள்.

அக்டோபர் 26, சனி

யேரின் மேடை ஏறவில்லை.

நேற்றே ஆசிரியையிடம் போய்ச் சொல்லிவிட்டாளாம். மாற்றி எழுத நேரம் இல்லை. அரங்கின் நிகழ்ச்சி மலர் அச்சாகிவிட்டது, இறுதி ஊர்வலம் என்ற தலைப்போடு. அப்படியே பேசிவிட்டு வா, அங்கே யாருக்கும் அந்த எழுத்து தெரியாது என்று ஒரு தோழி சொல்லியிருக்கிறாள். "எனக்குத் தெரியுமே" என்றாளாம் இவள். ஆசிரியை மாகாண அலுவலகத்துக்குப் பேசிப் பெயரை எடுத்துவிட்டார். பதிவேட்டில் இந்தப் பருவத்துக்கு அந்த இடம் காலி.

இதெல்லாம் மீசுக் தொலைபேசியில் சொன்னது. திட்டுவாள் என்று பார்த்தேன். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அண்ணே, அப்பா பேர்த்தாள்ல எழுதறீங்களே எட்டு எழுத்து, அதாச்சும் நிஜந்தானா?"

நிஜம் என்றேன். உடனே அகராதியை எடுத்து எட்டையும் பார்த்தேன். நிஜம்தான். கும்ஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி" என்றாள்.

நவம்பர் 4

யேரின் வரவில்லை. பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழி எங்கள் கடை வாசல்தான். அங்காடியைச் சுற்றிக்கொண்டு போகிறாள் போல.

நவம்பர் 13, புதன்

மீன் பதனிடும் ஆலையின் மேலாளர் வந்தார். தலைவரின் அம்மா காலமாகிவிட்டார், மூன்றடுக்கு வளையம், ரிப்பனில் 'ஊழியர் அனைவரும்' என்று போடச் சொன்னார்.

இந்த வாசகத்தை எத்தனை முறை அடித்திருப்பேன். இன்று கை நின்றது. அனைவருக்கும் தெரியுமா இது என்று கேட்க நினைத்தேன். "என்ன, எழுத்து தெரியலையா?" என்று சிரித்தார். தெரியும் என்றேன். தூரிகையால் எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 20

கணினி சரியாகிவிட்டது. அந்தப் பாதுகாப்பு நிரல்கள் மட்டும் போகமாட்டேன் என்கின்றன. காலையில் திறந்ததும் வரிசையாக வந்து வணக்கம் சொல்கின்றன.

நவம்பர் 24, ஞாயிறு

மீசுக் வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். போனேன். முட்டைக்கோசு மூட்டையை மாடிக்குத் தூக்கினேன், ஒரே மூச்சில். இரண்டு மூச்சு. யேரின் கையுறை மாட்டிக்கொண்டு மிளகாய் மசாலா தடவிக்கொண்டிருந்தாள். வாங்க மாமா என்றாள். பெண்கள் யாரோ நான் வழக்கமாகச் சொல்கிற பட்டாளத்துக் கரடிக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். ஆரம்பித்தேன். அவள் தலை நிமிராமல் தடவிக்கொண்டே இருந்தாள். கரடி வருகிற இடத்துக்கு முன்னாலேயே, உப்பு போதுமா பாருங்கள் என்று கதையை விட்டுவிட்டேன்.

அவள் அறைக் கதவு திறந்திருந்தது. சுவரில் அந்தப் பெரிய படம் இல்லை. மேசை மேல் ஒரு சீன எழுத்து அகராதி, என்னுடையதைவிடச் சின்னது. நடுவே நிறையச் சீட்டுகள் செருகியிருந்தன.

டிசம்பர் 3, செவ்வாய்

காலையில் ஒரு சாவு, ஒரு பணி ஓய்வு. வேலை முடிந்து சும்மா அந்தக் கேள்வி-பதில் தளத்தைத் திறந்தேன். நத்தை வந்தாரா என்று பார்ப்பேன், அடிக்கடி.

புதுக் கேள்வி ஒன்று. கேட்டவர் பெயர் 'வலைமுடிச்சு'. 'தென்கரைச் செய்தி', அந்தப் பெண்கள் வேலைக்கு வராமல் நின்றதற்கு அடுத்த வருஷம், வசந்த காலத்து இதழ். ஒற்றை வரித் துண்டு. அதில் கொரிய எழுத்தில் புன்ரே. அதையடுத்து நான்கு சீன எழுத்து. தான் அகராதியில் பார்த்தவரை எழுதியிருந்தாள், எந்த எழுத்துக்கு எத்தனை கோடு என்று எண்ணியதையும். கீழே: 'நிச்சயமாகத் தெரிந்தவர்கள் மட்டும் சொல்லவும். ஊகம் வேண்டாம். ஒரு எழுத்துத் தெரிந்தாலும் போதும்.'

பதில் ஒன்றும் வரவில்லை. நத்தையைக் காணோம்.

மூன்றாவது எழுத்து எனக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அகராதியிலும் பார்த்தேன், கோடுகளை எண்ணினேன், இரண்டு தரமும் ஒரே எண் வந்தது. காலையில் அடித்த பணி ஓய்வு ரிப்பனைப் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். அதே எழுத்து.

எழுதத் தொடங்கினேன். புன்ரே வேலையை விட்டுவிட்டு விடியற்காலைக் கப்பலில் ஏறி, துறையில் தோழிகள் எல்லாம் நின்று... பாதி எழுதியபின் பார்த்தேன். அழித்தேன். மறுபடி தொடங்கினேன். அதிலும் ஒரு கப்பல் வந்துவிட்டது. அழித்தேன்.

கடைசியில் போட்டது இவ்வளவுதான்: 'மூன்றாவது எழுத்து விலகுவது, பதவியையோ வேலையையோ விடுவது. மற்ற மூன்றும் எனக்குத் தெரியாது.' கீழே பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. மலர்வளைய மன்னன். அதை மாற்ற வழி தெரியவில்லை.

கடையைப் பூட்டுமுன் திறந்து பார்த்தேன். நத்தை வந்திருந்தார். மேலே சொன்னவர் மூன்றாவது எழுத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறார் என்று எழுதி, மற்ற மூன்றையும் கொடுத்திருந்தார்: குடும்ப நிலை காரணமாக விலகினாள் என்று வருகிறதாம். சிறந்த பதிலாக வலைமுடிச்சு நத்தையுடையதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அதுதான் நியாயம்.

என் பதிலின் கீழேயும் வலைமுடிச்சு ஒரு வரி போட்டிருந்தாள்.

'மற்ற மூன்றும் தெரியாதுன்னு போட்டிருக்கீங்க. குறிச்சுக்கிட்டேன்.'

கும்ஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். "யாரு, நம்ம யேரினா?" என்றாள். நிச்சயமாகத் தெரியாது, அப்படித்தான் நினைக்கிறேன் என்றேன்.

"அப்புறம் அந்தப் புன்ரே எங்கதான் போனா?" என்று கேட்டாள்.

அந்தத் தாளில் அது இல்லை என்றேன்.